கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடாத மிஷின்

ஜூன் 12, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கடை திறந்ததும் தபால். வணிகவரி அலுவலக நோட்டீஸ். ஜெபா இரண்டு தடவை வாசித்தாள். அண்ணன் மகள். கடை அவள் பெயரில், ஓட்டுவது நான்.

விஷயம் இது. நாங்கள் விற்கிற ஆல்-இன்-ஒன் மிஷின் பிரிண்ட் எடுக்கும், ஸ்கேன் பண்ணும், ஜெராக்ஸும் எடுக்கும். கம்ப்யூட்டர் சாமான் என்று ஐந்து சதவீத வரி கட்டினோம். அது ஜெராக்ஸ் மிஷின்தான், பதினாலரை என்கிறார்கள். விற்றதற்கெல்லாம் வித்தியாசம், அதற்கு மேல் அபராதம். கட்டினால் கடை இருக்காது. ஜெபாவின் வளையல் ஆறும் போனது இந்தக் கடைக்குத்தான்.

போட்டுக் கொடுத்தது யார்?
1. எதிர்க்கடை வின்சென்ட். அவனுக்கும் இதே வியாபாரம். நேற்று காரணமில்லாமல் சிரித்தான்.
2. ஆடிட்டர். முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஜூன் 13

மழை இல்லை. நோட்டீசுக்குப் பதில். ஜெபா எழுதியது: "இந்த மிஷினின் முக்கிய வேலை பிரிண்ட் எடுப்பது." சப்பென்று இருந்தது. குவைத்தில் பதினோரு மிஷினை ஒற்றை ஆளாகப் பார்த்தவன் நான். (நாலுதான். பதினொன்று கேட்க நன்றாக இருக்கிறது.)

"கம்ப்யூட்டர் இல்லாம இதுல ஒரு தாளு வராதுன்னு போடு மக்கா."

"வருமே சித்தப்பா. நெதம் எடுக்கோமே."

"அது நமக்குத் தெரியும். ஆபீசருக்கு எப்பிடித் தெரியும்?"

"உள்ளதச் சொன்னா போதும்னு ஆடிட்டர் சொன்னாரு."

"அவரு யாருக்க ஆளுன்னு மொதல்ல பாக்கணும்."

அதையும் கீழே சேர்த்தாள். கையெழுத்தும் அவள்தான்.

ஜூன் 15, வெள்ளி

நல்ல மழை. 10-12 கரண்ட் இல்லை. வழக்கம்போல் இன்வெர்ட்டரில் மிஷினும் ஒரு லைட்டும். கம்ப்யூட்டரையும் போட்டால் தாங்காது. ஜெபா பேங்கில்.

மரப்பிடிக் குடையோடு ஒருவர். ரேஷன் கார்டு நகல்.

"கரண்டு இல்லையே, எடுக்க முடியுமா?"

"எதிர்க்கடையில முடியாது. இதுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம் சாரே. பட்டன அமுக்கினா தாளு. மார்த்தாண்டத்துல நம்ம கடையில மட்டுமாக்கும்."

மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடியில் கீறல் உண்டு, நகலின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். பரவாயில்லை என்றார். ரசீது கேட்டார், நேரமும் எழுதச் சொன்னார். இரண்டு ரூபாய்க்கு ரசீது கேட்கிறவர். கண்ணியமான ஆள்.

அந்த நேரம் பார்த்து வின்சென்ட் எட்டிப் பார்த்ததுதான் சரியில்லை.

ஜூன் 18

வின்சென்ட் டீ வாங்கித் தந்தான். "அண்ணே, எனக்கும் நோட்டீஸ் வந்துது கேட்டியளா." நம்பவில்லை. டீயை மட்டும் குடித்தேன்.

ஜூன் 21, வியாழன்

வரி ஆபீஸ். ஆபீசர் எழுந்து நின்று வரவேற்றார். (ஃபேன் போட எழுந்தார்.) சுவரோரம் மரப்பிடிக் குடை. அன்று நகல் எடுத்த அதே ஆள்தான் ஆபீசர்.

எங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு தாளும் வராது." பிறகு ஃபைலிலிருந்து ரேஷன் கார்டு நகலை எடுத்து வைத்தார். ஓரத்தில் கறுப்புக் கோடு. கூடவே என் கையெழுத்தில் ரசீது, 10.40.

"அப்ப இது எப்பிடி வந்துது?"

வாய் திறந்தேன். ஜெபா என் காலை மிதித்தாள்.

"கடுதாசில அந்த வரி தப்பு சார். ஜெராக்ஸும் எடுக்கும். ஆனா வாங்குதவங்க பிரிண்ட் எடுக்கத்தான் வாங்குதாங்க. முதல் வரிய மட்டும் பாருங்க."

"பொய்யும் சேந்த கடுதாசில எந்த வரிய நம்ப?"

ஜெபா வெறுங்கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம். விற்ற பில்லு எல்லாம் வச்சு மாத்தி எழுதுங்க. நீங்களே எழுதணும், இவரு வேண்டாம்" என்றார்.

வெளியே பெஞ்சில் வின்சென்ட். கையில் அவனுக்கு வந்த நோட்டீஸ்.

பஸ்சில் தக்கலை தாண்டிய பிறகு ஜெபா: "இனி கடையில மிஷினப் பத்தி யாரு கேட்டாலும் நீங்க பேசப்பிடாது."

ஜூன் 22

தூறல். பட்டியலில் வின்சென்ட் பெயரை அடித்தேன். ஆடிட்டர் இருக்கட்டும்.

ஜெபா பின்னறையில் பில் அடுக்குகிறாள். 10 மணிக்குக் கரண்ட் போனது. ஒருவர் நனைந்துகொண்டு வந்தார், கையில் ரேஷன் கார்டு. குடை இல்லை. இந்த மழையில் குடையில்லாமல் யார் வருவார்கள்?

"ஒரு ஜெராக்ஸ்."

"எடுக்காது" என்றேன்.

மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் துண்டைப் போட்டு மூடினேன்.