வண்டுக்குக் காட்டிய காணி உறுதி

என் தங்கத் தம்பி குகனுக்கு,

நீ போய் இரண்டு வருடத்தில் உன் வண்டுகள் அச்சில் ஏறிவிட்டன. சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம்தான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2009இல் ஊரிலிருந்து பிஸ்கட் ரின்னுக்குள் அடைத்து மூன்று நீளக்கொம்பு வண்டுகளைக் கொண்டுவந்தாயே, சாகுமுன் இங்கே பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாயே, அவற்றை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இதுவரை ஒரே இனமென்று சேர்த்து வைத்திருந்ததை, முதுகுப் புள்ளியையும் கொம்பின் கணுக்களையும் பார்த்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். உன்னுடையது புது இனமாம்! அதுவரை வாசித்துச் சொன்ன என் மகள் நிலா திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, வண்டு பிடிச்ச இடம் சந்தேகம் எண்டு போட்டிருக்கினம். லா சப்பல் தமிழ்க் கடையளுக்கு வந்த மாம்பழப் பெட்டியிலை இருந்து பிடிச்சிருக்கலாமாம்."

பார்த்தாயா அநியாயத்தை! நீ லா சப்பல் கடையில் பெட்டி இறக்கியவன். ஆகவே வண்டும் பெட்டிக்குள்தான் வந்திருக்க வேண்டும். பெட்டி இறக்குகிறவனுக்கு வண்டைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்புத்தானே?

உன்மேலும் எனக்குக் கோபம். ஊசியில் குத்திய சிட்டையில் "நாவலடிப்புலம், மாமரம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கடா விளங்கும்? அது ஊரின் பெயரா? நம் காணியின் பெயர். எங்கள் பக்கம் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டென்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாளே நிலாவையும் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். பொறுப்பாக இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"அப்படி ஓர் இடம் எந்த வரைபடத்திலும் இல்லை, மதாம். சான்று ஏதாவது இருக்கிறதா?"

சான்று! ரயிலேறி லெ பிளாங்-மெனில் வீட்டுக்கு வந்து, சூட்கேசின் அடியில் கிடந்த அம்மாவின் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். காணிப் பெயர், கிராமம், நான்கு எல்லை, கிணறு, மாமரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவே. நிலா வரிவரியாகப் பிரெஞ்சில் சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். "இது போதும், திருத்திவிடுகிறோம்" என்றாள்.

போதுமாம், தம்பி! போனமுறை ஊருக்குப் போனபோது இதே உறுதியோடு அரசாங்கக் கந்தோர் வாசலில் எத்தனை நாள் கிடந்தேன்? இராணுவத்தின் முள்வேலிக்குள் போய்விட்ட நம் காணியைக் கேட்டதற்கு, "பழைய உறுதியை வச்சு ஒண்டும் செய்யேலாது, அக்கா" என்று அனுப்பிவிட்டார்களே. வண்டு அங்கே வாழ்ந்ததற்கு இந்தத் தாள் சாட்சி. நாங்கள் வாழ்ந்ததற்கு இல்லையா?

திருத்தம் அச்சில் வந்ததும் அந்தப் பக்கத்தை உறுதியோடு சேர்த்துக் கட்டி ஊருக்குக் கொண்டுபோவேன். அதே மேசையில் போட்டு, "வண்டின்ரை வீட்டைப் பாரிஸே ஒத்துக்கொண்டிட்டுது. எங்கடை வீட்டை எப்ப திறப்பியள்?" என்று கேட்பேன். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். இது சத்தியமடா.

நாவலடிப்புலத்தில் உனக்கு முன் பிறந்த,
உன் அக்கா