ஆடிப் பதினெட்டுக்கு வர வேண்டாம்

திண்ணனூர் நாடு,
1942, ஆடி 6

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தாயி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அத்தையும் நலம். சாமைக்குக் களை எடுத்தாயிற்று. மகன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுகிறானா என்று அத்தை கேட்கச் சொன்னார்.

உங்கள் கடிதம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஆள் மூலம் வந்தது. கோயமுத்தூரில் உங்கள் கால்பந்துக் கிளப்பின் திடலைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால் இந்த வருஷத்து மீதி ஆட்டமெல்லாம் வெளியூரில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிப் பதினெட்டன்று திருச்சியில் ஆட்டம். சம்பளத்துக்கு ஆடுகிறவர் நீங்கள், அதை விட்டால் உங்களை நீக்கிவிடுவார்கள். ஆனாலும் பஞ்சாயத்துக் கெடுவைக் கேள்விப்பட்டு மலைக்கு வருகிறேன் என்கிறீர்கள். நடந்ததை முழுவதும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் அண்ணன் மாணிக்கம் சபையில் எழுந்து, புருஷன் மலையில் இல்லாத வீட்டில் தங்கைக்கு என்ன வேலை, நீங்கள் கொடுத்த பரிசத்தைத் திருப்பித் தந்துவிட்டு அழைத்துப் போகிறேன் என்றான். வாழவந்தியில் வேறு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கிறான். ஊர்க்கவுண்டர், "பதினெட்டுக்குள்ள செங்கோடன் வந்து சபையில நிக்கோணும். இல்லீன்னா புள்ளைய அனுப்பிப்போடலாம்" என்றார். "கண்ட ஊருல பந்த ஒதைச்சுக்கிட்டுத் திரியறவனுக்கு எதுங்க ஊடு?" என்று ஒருவர் சிரித்தார்.

அது பெண்கள் பேசும் இடமில்லை. நான் பேசினேன். சந்தையில் உப்புக் கட்டித் தரும் பத்திரிகையையும் விடாமல் படிக்கிறவள் நான். நீங்கள் எந்த ஊரில் ஆடினாலும் அந்தக் கிளப்பைக் கோயமுத்தூர் என்றுதான் போடுகிறார்கள். திடல் போனதால் ஊர் போய்விடவில்லை, என் புருஷனுக்கு இந்த வீடும் அப்படித்தான் என்றேன். "படிச்ச புள்ளைக்கு வாய் நீளமுங்க" என்றார்கள்.

அப்போது அத்தை எழுந்தார். ஏர் ஓட்ட வேண்டிய கால் பந்தை உதைக்கிறது என்று தினமும் உங்களைத் திட்டுகிறவர்தான். "எம் மருமவளக் கூட்டிக்கிட்டுப் போறவன் என்னையுந் தூக்கிக்கிட்டுப் போகோணும். நான் கனமுடா மாணிக்கம், பாத்துக்க" என்றார். சபையே சிரித்தது, அண்ணனைத் தவிர. கெடு அப்படியே நிற்கிறது.

நீங்கள் வர வேண்டாம். இந்தக் கெடுவுக்குப் பயந்து வந்து நின்றால் அடுத்த ஆடிக்கும் ஒன்று வைப்பார்கள். அன்று சபையில் நான் நிற்பேன். பரிசத்தை வாங்கியவர்கள் திருப்பித் தரட்டும். இந்த வீட்டை விட்டுப் போக என் கால்தானே நடக்க வேண்டும்? அது நடக்காது.

நீங்கள் ஆடுங்கள். வென்றீர்களா தோற்றீர்களா என்று எழுத வேண்டாம். மறுநாளே கிளம்பி, வழியில் எங்கும் தங்காமல் மலையேறி வந்து, நேரில் சொல்லுங்கள்.

பதினெட்டுக்குப் பிறகும்
உங்கள் மனைவி,
அத்தாயி