மூன்று டன் ஜாக்கி

ஓசூர்

அன்புள்ள அப்பாவுக்கு மாதேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாளா? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் காரை நான் விற்கமாட்டேன். சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்று வாங்கிவிட்டேன். கடைக்காரர் சின்னதாக ஒன்றைக் காட்டி, "இத எடுத்துக்கம்மா, லேடீஸுக்கு லேசா இருக்கும்" என்றார். "எனக்கு லேசா வேணாங்கண்ணா, காரத் தாங்கணும்" என்று மூன்று டன் இரும்பு ஜாக்கியை எடுத்தேன்.

நேற்று பிரேக் பார்க்க முன்சக்கரத்தைக் கழற்றினேன். பின்சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்ததில் கார் ஜாக்கியிலிருந்து நழுவிவிட்டது. கழற்றிய டயரை அடியில் தள்ளி வைத்திருந்தேன், அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரல் நகம் கறுத்ததோடு சரி. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

போன பொங்கலுக்கு ஊர்த்தெருவில் டயர் பஞ்சரானபோது என்னிடம் ஜாக்கி இல்லை. திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஜாக்கி கேட்டு நின்றீர்கள். எனக்கு அது மறக்காது.

நம் வாசல் மண்ணில் ஜாக்கி புதையும், கனமான பலகை ஒன்று பார்த்து வையுங்கள். கை துடைக்க அம்மாவின் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இந்தப் பொங்கலுக்கும் அதே தெரு வழியாகத்தான் வருவேன். நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள். துண்டு தோளிலேயே இருக்கட்டும்.

மாதேஸ்வரி