அசன நோட்டீஸும் பட்டாளமும்

பம்பாய், 1932 மே

அன்புள்ள செல்லபாய் அக்காளுக்குத் தம்பி ஆபேல் எழுதுவது. நான் சுகம், உங்கள் முட்டுவலி எப்படி?

இங்கே நடக்கும் இந்து முஸ்லிம் கலகத்தை அடக்கப் பட்டாளம் தெருவில் இறங்கும் என்று ஒரு மாதம் முன்பே சொன்னவன் நான்தான். உங்கள் மகன் செல்வதாஸ் கேட்கவில்லை. நம் ஊர்ப் போதகர் அனுப்பிய அசனப் பண்டிகை நோட்டீஸ் கட்டை இங்குள்ள நம் ஜனங்களுக்குக் கொடுக்கக் கிளம்பினான்.

“அசனம்னா கோயில்ல சோறும் ஜெபமுந்தானே மாமா, பட்டாளத்துக்காரன் என்ன செய்யப்போறான்?” என்றான்.

தமிழ் தெரியாத சிப்பாய்கள் அதைக் கலக நோட்டீஸ் என்று நினைத்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பயப்பட வேண்டாம். முகாமுக்குப் போய்த் துரையிடம் இங்கிலீஷில் சட்டம் பேசினேன். “பட்டாளம் பிடித்தவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும், வைத்துக்கொள்ள உமக்கு அதிகாரமில்லை” என்றேன். துரை எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். செல்வதாஸ் உள்ளே தேயிலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் அவன் பெயரே இல்லை என்கிறார்கள். போலீஸ் பிடித்தால் கோர்ட்டில் கேட்கலாம். பட்டாளம் பிடித்தால் யாரிடம் கேட்பது? நோட்டீஸில் இருப்பதைப் போதகர் இங்கிலீஷில் எழுதி முத்திரை போட்டுத் தரட்டும். உடனே அனுப்புங்கள். இரண்டு கருப்பட்டியும் வையுங்கள், ஒன்று எனக்கு.

தபால்காரன் நிற்கிறான். அக்கா, முகாம் வாசல் சிப்பாய் துப்பாக்கியை நீட்டியதும் நான் திரும்பிவிட்டேன். துரையைப் பார்க்கவில்லை. செல்வதாஸையும் பார்க்கவில்லை.