உலை விளிம்பில் உன் சட்டி

உன் சட்டி உலை விளிம்பில் சூடேறிக்கொண்டிருக்கிறது. கைப்பிடி ஆணிகளுக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய எண்ணெய் இளகி, பட்டறை முழுக்க நெத்திலி வறுத்த இக்கான் பிலிஸ் சம்பல் வாசம். செத்தும் என் பசியைக் கிளப்புகிறாயே, பாவி.

நேற்று ஃபேரர் பார்க் வீட்டில் உன் மனைவி இதைக் கையில் கொடுத்தார். "அடியில ஓட்டை விழுந்துருச்சுண்ணே. நீங்களே உருக்கிடுங்க. அவரும் அதைத்தான் சொல்லியிருப்பாரு."

சொல்லியிருப்பாய்தான். நமக்கு மதியச் சோறு போட்ட சட்டியானாலும், ஓட்டை விழுந்தால் உனக்கு அது வெறும் பழைய அலுமினியம்.

அந்த மழைநாள் ஞாபகம் இருக்கிறதா? நாம் கூட்டாகப் பட்டறை தொடங்கிய புதிது. வெளியே நனைந்து கிடந்த இன்ஜின் மூடியைத் துடைத்துவிட்டு நீ உலையில் போட்டாய். திருகுத் துளைக்குள் மழைத்தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது. உருகிய அலுமினியம் வெடித்துக் கூரைவரை பாய்ந்தது. தூணுக்குப் பின்னால் ஒண்டியதால் பிழைத்தோம். நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீயோ கூரையைப் பார்த்து, "மேலேயும் வெள்ளி பூசியாச்சு. உயிரோட இருக்கோம்லா, வா, தே குடிக்கலாம்" என்றாய். கடையில் அந்தத் தேநீரில் பாதியை மேசையில் சிந்தினாய்.

அன்றைக்கு நீ போட்ட விதிதான். எதுவானாலும் முதலில் உலை விளிம்பில் காயவேண்டும். போடுகிறவன் "காஞ்சுருச்சா?" என்று கேட்கவேண்டும். மற்றவன் வந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்து, "காஞ்சுருச்சு, போடு" என்று சொல்லவேண்டும். பதில் வராமல் ஓர் ஆணிகூட உள்ளே போகக்கூடாது. சண்டை போட்டு முகம் கொடுக்காத நாளிலும் இதை மட்டும் பேசினோம். அதிலேயே சிரிப்பு வந்து சண்டையும் முடிந்துவிடும்.

நீ போனபின் இன்றுதான் உலை மூட்டினேன், இந்தச் சட்டிக்காகவே. இடுக்கியால் தூக்கி, பழக்கதோஷத்தில் "காஞ்சுருச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

உலை மட்டும் இரைந்துகொண்டிருந்தது. துக்க வீட்டில்கூட நான் உன்னை இப்படித் தேடவில்லையடா.

பதில் வரவில்லையென்றால் போடக்கூடாது. உலையை அணைத்துவிட்டேன். சட்டி ஆறியதும் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வீட்டுக்குப் போவேன். உருக்கியாச்சா என்று உன் மனைவி கேட்டால், இன்னும் காயவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.