சபைத்தலைவர் அழக்கூடாதாம்

அன்புள்ள அத்தான்,

இந்த மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிறு, மாலை ஏழு பத்து. நம் மாதாகோயில் திருவிழா மேடையில் பதினேழு பேர். அவர்களில் உங்கள் நாடகத்தை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர். எழுதியவர் என்று உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும், முன்வரிசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் சவுண்டு மிக்சரில் இருந்தேன்.

நீங்கள் துபாயிலிருந்து லீவில் வந்து எழுதியது என்ன? சிலுவைப்போர்க் காலத்தில் வாளேந்திய துறவிகளின் கூட்டமான ஆலயவீரர் சபையின் கடைசித் தலைவரின் கதை. பிரான்ஸ் ராஜா பிடித்துச் சிறையில் போட்டதும், கிழவர் பயந்து, செய்யாத பாவங்களையெல்லாம் ஒப்புக்கொள்கிறார். பல வருடம் கழித்து பாரிசில், கூட்டத்தின் நடுவே, "உயிருக்குப் பயந்து பொய் சொன்னேன், சபைமேல் குற்றமில்லை" என்கிறார். எரித்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

நம் ஊரில்தான் அந்தக் கேடுகெட்ட வழக்கம் உண்டே: திருவிழா நாடகத்தில் பெரிய வேஷம், கோயிலை நடத்தும் பங்குப்பேரவையின் துணைத்தலைவருக்கு. நடிக்க வருமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒத்திகையில் அவர் சொன்னார்: "தலைவன் அழுவானாடே? எனக்க பேரப்பிள்ளைய முன்னால இருக்கும். அத வெட்டு."

வெட்டினார்கள். தொடக்கத்தில் பதின்மூன்று பேர் கூடி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்களே, அந்தக் காட்சியும் போயிற்று. "அதப் பாத்தா இஞ்ச உள்ளவனும் எலக்சன் வையின்னு கேப்பான்" என்று சிரித்தார். அவருக்கு அது வேடிக்கையே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

எரிப்புக்குப் பதிலாக, எங்களிடம் சொல்லாமல், ஒரு வாள்சண்டையைச் சேர்த்திருக்கிறார்கள். தலைவர் முஸ்லிம்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அவர்கள் மதத்தையே திட்டி வசனம் பேசுகிறார். அதை இங்கே எழுதக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. லைட் போட்டுக்கொண்டிருந்தது குளச்சல் ஷாகுல் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாம் காக்கா என்றுதானே கூப்பிடுவோம். உங்கள் எல்லா நாடகத்துக்கும் லைட் போட்டவர். உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறையில் கடைசிவரை நின்றவர்.

"மக்கா, இது அவருக்க எழுத்தா?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா."

"எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்." கையை லைட்டிலிருந்து எடுக்கவில்லை. முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் துணைத்தலைவரின் மைக்கை இறக்கிவிட்டேன். மேடையில் வாய் அசைகிறது, தாடி ஆடுகிறது, சத்தம் இல்லை. "சவுண்டு! சவுண்டு!" என்று கூட்டம் கத்தியது. "வேய், தொண்டையத் தெறயும்!" என்றான் ஒருவன்.

"ஏலே, மைக்குக்கு என்னலே?" என்று அவர் அங்கிருந்தே அலறினார்.

"மைக்கு நல்லாத்தான் இருக்கு. வசனம் கெட்டுப்போச்சு" என்றேன் நான்.

அக்கா எழுந்தாள். அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "இது எனக்க வீட்டுக்காரரு எழுதினதில்ல." மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர்களுக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரில் இதே நாடகமாம், உங்கள் பெயரிலேயே. நான் கோயில் முற்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அந்தச் சபையின் இன்னொரு தலைவரைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். தண்ணீர் இல்லாத வழியில் படையைக் கிளப்பிவிட்டவர். தோற்றபோது வீரர்கள் தலை போனது, அவர் தலை தப்பியது. இவர்களுக்கு நடிக்க அந்த ஆள்தான் பொருத்தம். அப்படிப்பட்ட கூட்டத்தில் அந்தக் கிழவரை மட்டும் ஏன் பொறுக்கி எடுத்தீர்கள் அத்தான்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை பங்குத்தந்தையைப் பார்ப்பேன். நோட்டீசிலிருந்து உங்கள் பெயரை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், பக்கத்து ஊர் மேடையில் அக்காவோடு நானும் ஏறி, இது உங்கள் எழுத்தல்ல என்பேன்.

2. மன்னிப்பு கிடையாது.

3. குளச்சலுக்குப் போய், நீங்கள் எழுதியபடியே நாடகத்தைப் போட்டால் லைட் போடுவாரா என்று ஷாகுல் காக்காவிடம் கேட்பேன். மாட்டேன் என்றாலும் அவர்மேல் தப்பில்லை.

4. கிழவர் வேஷத்தை நானே கட்டுவேன். எனக்கு நடிப்பு வராது. ஊர் சிரிக்கும். ஆனாலும் அவர் பயந்து அழும் இடத்தில் ஒரு வரிகூட விடாமல் அழுவேன்.

உங்கள் மச்சினன்,
அக்காவோடும் பிள்ளையோடும் நிற்கிறவன்