உர்ஹோவின் டிராக்டர் கதவு

மார்ச் 14, 1979

ஹெல்சிங்கி பத்திரிகையில் என் பேத்தி இர்மெலியின் படம்! வெட்டி பைபிளுக்குள் வைத்தேன். படத்தில் அவளும் அவள் செதுக்கிய கருங்கல்லும். கல்லின் நடுவே பெரிய ஓட்டை.

பக்கத்து வீட்டு உர்ஹோ வந்து பார்த்துவிட்டு, "இது என்ன ஹில்யாக்கா? உருளைக்கிழங்கா, மாட்டுப் பல்லா?" என்றான்.

"உன் மண்டைடா. அதான் நடுவுல காலி."

நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்கும் அது என்னவென்று தெரியாது. அதை அவனிடம் சொல்வேனா?

மார்ச் 17

கல்லை எதிர்த் தீவில் நிறுத்தப்போகிறார்களாம். நாலு டன். எந்தப் படகு தாங்கும்? அதனால் சறுக்குவண்டியில் ஏற்றி, உறைந்த ஏரிமேல் உர்ஹோவின் டிராக்டரால் இழுக்கப்போகிறார்கள். ஓட்டப்போவது இர்மெலி. "என் கல்லு பாட்டி, நானே ஓட்டுறேன்."

கேட்டதும் கடப்பாரையைத் தேடி எடுத்து வைத்தேன்.

மார்ச் 19

நாலு நாளாகக் கூரைப் பனி உருகிச் சொட்டுகிறது. கடப்பாரையோடு போய் ஏரிப் பனியைக் குத்திப் பார்த்தேன். கரையோரம் மூன்று சாண் கனம். அடியில் நீரோட்டம் இருக்கும் இடத்தில் இரண்டுகூட இல்லை. சத்தமும் சரியில்லை.

இர்மெலியிடம் சொன்னேன். "இப்ப விட்டா அடுத்த குளிர்காலம்தான் பாட்டி. நாளைக்கே போறேன்." இந்தப் பிடிவாதம் யாருடையது? என்னுடையதுதான்.

என் கணவர் ஆர்வியும் இப்படித்தான் பனிமேல் லாரியை ஓட்டிக் கிளம்பினார். ஏரியடியிலிருந்து லாரியைத் தூக்கியபோது கதவு மூடியே இருந்தது. கைப்பிடியில் அவர் கையுறை —

போதும்.

மார்ச் 20, காலை

ஸ்பேனரோடு போய் டிராக்டரின் கதவைக் கழற்றி சவுனாக் குளியலறைக்குள் வைத்துவிட்டேன்.

"பைத்தியமா அக்கா? பொண்ணு வெறச்சுப் போவா!" என்று உர்ஹோ கத்தினான்.

"வெறைக்கட்டும்டா. வெறச்சவள சவுனாவுல வெச்சு சூடேத்திக்கிறேன். முழுகினவள என்ன பண்றது?"

இர்மெலி என் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் கேட்கிறது. கயிற்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மார்ச் 20

இருக்கிறாள்.

மார்ச் 22

இன்றுதான் எழுத வருகிறது. நீரோட்டத்தருகே முதலில் கல் உள்ளே போனது. டிராக்டர் பின்பக்கமாகச் சரிந்தது. கதவில்லாத பக்கம் அவள் குதித்தாள். இடுப்புவரை தண்ணீர். நான் வயிற்றால் ஊர்ந்து கயிறு வீசினேன். உர்ஹோ என் காலைப் பிடித்துக்கொண்டான். என்ன கத்தினேனோ, நினைவில்லை.

சவுனாவில் உட்கார்ந்தவள் ஒரே முறை, "கல்லு போச்சே பாட்டி" என்றாள். பிறகு மூலையில் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 9

டிராக்டரை மேலே எடுத்துவிட்டார்கள். கல் அங்கேயே கிடக்கட்டும் என்றுவிட்டாள் இர்மெலி.

உர்ஹோ கதவைக் கேட்டு வந்தான். கரையோரப் பாறைமேல் அதை இர்மெலி நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறாள். கைப்பிடியை மட்டும் கழற்றிவிட்டாள். கண்ணாடி வழியே ஏரி தெரிகிறது.

இது என்ன என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"இருக்கட்டும் அக்கா. நான் வேற போட்டுக்கறேன்."